நங்கூரத்துறையின் காவலர்கள்: சோமாலியக் கடற்கொள்ளையும் கரையில் நடந்த பேரமும்

சோமாலியக் கடற்கரையை மையமாகக் கொண்டு 2005 வாக்கில் தலைதூக்கி, 2008 முதல் 2012 வரை உச்சத்தில் இருந்து, பின்னர் ஏறத்தாழ ஓய்ந்துபோன கடற்கொள்ளையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கப்பலில் நின்று கரையைப் பார்த்து எழுதப்பட்டவை; கரையில் நின்று கப்பலைப் பார்த்தவை மிகச் சில. சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கணக்கின்படி, சோமாலியர் நடத்திய தாக்குதல்கள் 2008இல் 111 ஆக இருந்து 2011இல் 237 ஆக உயர்ந்தன. 2012இல் 75 ஆகவும் 2013இல் 15 ஆகவும் சரிந்தன. ஏற்றத்துக்கு அரசு சிதைந்தது காரணம் என்றும், இறக்கத்துக்குப் போர்க்கப்பல்கள் காரணம் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், கடத்தப்பட்ட கப்பல் மாதக்கணக்கில் நங்கூரமிட்டு நின்ற இடம் யாருடைய பாதுகாப்பில் இருந்தது என்ற கேள்வியை இரண்டுமே தொடாமல் போகின்றன. ஆயுத மோதல், அமைதிக் கட்டுமானம், கடற்கொள்ளை ஆகிய மூன்றையும் தனித்தனித் துறைகளாக வளர்த்த ஆய்வுலகில் அவை ஒன்றையொன்று நெருங்கி வந்திருப்பது இந்தக் கேள்வியின் வழியாகத்தான்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, ஒரு தனியார் கப்பலில் இருப்போர் தங்கள் சொந்த நோக்கத்துக்காக, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலில், மற்றொரு கப்பலின் மீது நடத்தும் வன்முறையையும் சிறைப்பிடிப்பையும் கொள்ளையையும் கடற்கொள்ளை என்று வரையறுக்கிறது. இதே செயல் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது ஆட்புலக் கடலுக்குள் நடந்தால் அது அந்தந்த நாட்டுச் சட்டம் கவனிக்க வேண்டிய ஆயுதக் கொள்ளை மட்டுமே. அமைதிக் கட்டுமானம் என்னும் கருத்தை 1970களில் ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் நார்வேயின் யோஹான் கால்டுங். நேரடி வன்முறை நின்றுபோன நிலையை எதிர்மறை அமைதி என்றும், வன்முறையைப் பிறப்பிக்கும் சமூக அமைப்பே மாறிய நிலையை நேர்மறை அமைதி என்றும் அவர் பிரித்தார். 1992இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி வெளியிட்ட அமைதிக்கான செயல்திட்டம் இந்தக் கருத்தை உலக அரசியலின் வழக்குமொழியாக்கியது. அந்தத் திட்டம் முதன்முதலில் பெருந்தோல்வி கண்ட களங்களுள் சோமாலியாவும் ஒன்று. 1995 மார்ச்சில் ஐ.நா. படைகள் அங்கிருந்து முழுவதுமாக வெளியேறின.

1969இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, 1991 ஜனவரியில் தலைநகர் மொகடிஷுவை விட்டு ஓடிய பிறகு நாடு குலங்களுக்கிடையிலான போரில் சிதறியது. அரசின்மைதான் கடற்கொள்ளைக்குக் காரணம் என்றால், அது 1991லேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பிணைத்தொகைக்காகப் பெருங்கப்பல்களைக் கடத்தும் தொழில் முறையாகத் திரண்டது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான். அது திரண்ட இடமும் கவனிக்கத்தக்கது. போர் மிகக் கடுமையாக நடந்த மொகடிஷுவோ தெற்கே உள்ள கிஸ்மாயோவோ கடத்தல் கப்பல்களின் புகலிடமாகவில்லை. மாறாக, 1998 முதல் தனக்கென அதிபர், சட்டமன்றம், காவல்துறை என ஒரு நிர்வாகத்தை நடத்திவந்த புன்ட்லாந்தின் எயில், அதன் தெற்கே ஹோபியோ, ஹரார்தேரே ஆகிய ஊர்களே புகலிடமாயின. சண்டை நடக்கும் இடத்தில் பிணைக்கைதிகளை ஏழெட்டு மாதம் வைத்திருக்க முடியாது என்பதே இதன் எளிய விளக்கம். எதிர்க்கூட்டம் ஒன்று வந்து அந்தக் கைதிகளைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஜஸ்டின் ஹேஸ்டிங்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மற்றொரு பரிமாணத்தைச் சேர்த்தது. கப்பலையும் அதிலுள்ள சரக்கையும் திருடி விற்பதற்குத் துறைமுகம், போலி ஆவணங்கள், சாயம் பூசிப் பெயர் மாற்றும் பட்டறை, வாங்குவதற்கு ஆள் என ஓரளவு இயங்கும் பொருளாதாரம் தேவைப்படுகிறது. அது வலுவற்ற, ஆனால் செயல்படும் அரசுள்ள தென்கிழக்காசியக் கடலில் கிடைத்தது. சோமாலியாவில் அந்த வசதி இல்லை. அங்கே சரக்குக்குச் சந்தை இல்லை, காலத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆகவே சரக்கை விட்டுவிட்டு ஆட்களையும் கப்பலையும் விலை பேசுவதே அங்கு ஏற்ற தொழிலாயிற்று. 2008 செப்டம்பரில் கடத்தப்பட்ட ஃபைனா என்னும் கப்பலில் 33 டி-72 வகைப் பீரங்கி வண்டிகள் இருந்தன. உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டின் கரையோரம் அந்தச் சரக்கு நான்கு மாதத்துக்கு மேல் நின்றும், கடத்தியவர்கள் அவற்றை இறக்கவில்லை, ஏறத்தாழ 32 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு கப்பலை விட்டுவிட்டார்கள் என்பது இந்த வாதத்துக்கு ஒரு நல்ல சான்று. அதே ஆண்டு நவம்பரில் பிடிபட்ட சிரியஸ் ஸ்டார் என்னும் எண்ணெய்க் கப்பலில் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் இருந்தது; அதிலும் ஒரு பீப்பாய்கூட விற்கப்படவில்லை.

2006ஆம் ஆண்டு ஒரு சோதனைக்கூடம் போல வாய்த்தது. அவ்வாண்டு ஜூனில் மொகடிஷுவைக் கைப்பற்றிய இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம், கடற்கொள்ளையைப் பாவம் என்று அறிவித்து ஹோபியோ, ஹரார்தேரே பகுதிகளுக்கும் ஆட்களை அனுப்பியது, தாக்குதல்கள் குறைந்தன. டிசம்பரில் எத்தியோப்பியப் படை நுழைந்து அந்த ஆட்சியைக் கலைத்தது. அடுத்த ஆண்டு தாக்குதல்கள் மீண்டும் ஏறின. இந்த ஆறு மாதக் காலத்தை வைத்துப் பெரிய முடிவு எதையும் கட்டிவிட முடியாது. பயங்கரவாத எதிர்ப்பு என்ற பெயரில் கரையில் செய்யப்பட்ட ஓர் இராணுவத் தலையீடு கடலில் வேறொரு விளைவைத் தந்தது என்பதை மட்டும், அந்தத் தலையீட்டைத் திட்டமிட்டவர்கள் அன்று கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடத்தல் எப்படி நடந்தது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் நங்கூரத்துறைக்கு இருந்த மதிப்பு புலப்படும். கண்ணாடியிழைப் படகு இரண்டு, வலுவான வெளிப்பொருத்து இயந்திரங்கள், முனையில் கொக்கி வைத்த நீண்ட ஏணி, சில துப்பாக்கிகள், ஓர் எறிகுண்டுக் குழல், எரிபொருள் பீப்பாய்கள்: கடலில் தேவைப்பட்ட முதலீடு இவ்வளவுதான். பக்கச்சுவர் தாழ்ந்தும் வேகம் குறைந்தும் செல்லும் கப்பலே இலக்கு. மணிக்கு 18 கடல் மைல் வேகத்துக்கு மேல் சென்ற கப்பலில் ஏறுவது அவர்களுக்கு ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சிறுபடகு கடலில் நிற்காது என்பதால் தொழில் அடங்கியே கிடந்தது. காவல் கூடக்கூட அவர்கள் கரையை விட்டு வெகுதூரம் போகத் தொடங்கினர். அதற்குத் தாய்க்கப்பல் தேவைப்பட்டது. தாய்க்கப்பல் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே கடத்தப்பட்ட மீன்பிடிக் கப்பல்தான். அதன் மீனவர்கள் உள்ளேயே கைதிகளாக இருந்தார்கள். 2008 நவம்பரில் இந்தியக் கடற்படையின் தபார் கப்பல் தன்மீது சுட வந்த ஒரு தாய்க்கப்பலை மூழ்கடித்ததாக அறிவித்தபோது உலகெங்கும் பாராட்டு எழுந்தது; அது கடத்தப்பட்டிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பதும், அதிலிருந்த மீனவர்களில் ஒருவரே பிழைத்தார் என்பதும் சில நாள் கழித்து வெளிவந்தன.

கப்பல் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பெருஞ்செலவு தொடங்கியது. காவலுக்கு முறை வைத்து ஆள், சமையற்காரர், ஆட்டிறைச்சி, தண்ணீர், டீசல், ஆங்கிலம் தெரிந்த பேச்சாளர், இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் காத் என்னும் போதை இலை. எத்தியோப்பியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வரும் இந்த இலை கடற்கொள்ளையர் முகாம்களில் வழக்கமான விலையைவிடப் பல மடங்குக்கு, அதுவும் கடனுக்கு விற்கப்பட்டது. பேரேடு போலக் கணக்கு எழுதப்பட்டு, பிணைத்தொகை வந்ததும் ஒவ்வொருவரின் பங்கிலிருந்தும் கடன் கழிக்கப்பட்டது. முதலில் கப்பலில் ஏறியவனுக்குக் கூடுதல் பங்கு, கைதியை அடித்தவனுக்கு அபராதம் என விதிகளும் இருந்தன. உலக வங்கி, ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், இன்டர்போல் ஆகியவை சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, 2005 ஏப்ரல் முதல் 2012 டிசம்பர் வரை 179 கப்பல்களுக்காக 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பிணைத்தொகை கைமாறியதாக மதிப்பிட்டது. அதில் 30 முதல் 50 சதவீதம் முதல் போட்டவர்களுக்குச் சென்றது. உயிரைப் பணயம் வைத்து ஏணியில் ஏறிய இளைஞனுக்கு ஒரு கப்பலுக்கு 30,000 முதல் 75,000 டாலர் வரை பேசப்பட்டது, காத் கடன் போக மிஞ்சியது வேறு கணக்கு. நங்கூரத்துறை அமைந்த ஊருக்கும், அதன் மூப்பர்களுக்கும், உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்கும் தனிப் பங்கு இருந்தது. கடற்கொள்ளையைச் செலவுத்தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், அதன் பெரும்பகுதி கரையில் வாங்கப்பட்ட பாதுகாப்புக்கான விலையாகவே தெரிகிறது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மேலே வரை நீண்டது என்பதற்கு ஹரார்தேரேயைச் சேர்ந்த முகமது அப்தி ஹசன், அதாவது அஃப்வெய்னே என்று அறியப்பட்டவரின் கதை போதும். சோமாலியக் கடற்படை வீரர்கள் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட குழுவின் தலைவராக இவர் அறியப்பட்டார். 2004 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட சோமாலியருக்கு 2005 ஜூனில் அரிசி ஏற்றிவந்த உலக உணவுத் திட்டத்தின் வாடகைக் கப்பலான செம்லோவை இவருடைய வட்டாரத்தினர் பிடித்து ஏறத்தாழ நூறு நாள் வைத்திருந்தனர். அதன் தலைமை மாலுமி இலங்கையர். அஃப்வெய்னேயிடம் தூதரகக் கடவுச்சீட்டு இருந்ததை ஐ.நா. கண்காணிப்புக் குழு 2012இல் பதிவுசெய்தது. இறுதியில் தம் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்கள் என்ற ஆசைவார்த்தையை நம்பி 2013 அக்டோபரில் பெல்ஜியம் போய் இறங்கியபோது கைதாகி, 2016இல் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறைக்குச் சென்ற முதலாளிகள் மிக அரிது. கென்யா, செய்ஷெல்ஸ், இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் படகோட்டியவர்களே.

கடற்கொள்ளையர் தங்களைக் கடலோரக் காவலர் என்று சொல்லிக்கொண்டது வெறும் நாடகமா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம். அரசு போன பிறகு ஐரோப்பிய, ஆசிய இழுவைமடிக் கப்பல்கள் சோமாலியக் கடலை வாரிச் சென்றன என்பதில் ஐயமில்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் அங்கு பிடிக்கும் மீன் சோமாலியர் பிடிப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. நச்சுக் கழிவுகள் கொட்டப்பட்டதாக எழுந்த புகார்கள் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கையிலும் இடம்பெற்றன. கிறிஸ்டியன் புவேகர் 2013இல் எழுதிய கட்டுரை, கடலோரக் காவல் என்ற இந்தக் கதை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதைவிட, அது ஆட்களைத் திரட்டவும் ஊராரின் மனச்சான்றை அமைதிப்படுத்தவும் எப்படிப் பயன்பட்டது என்று பார்ப்பதே பயனுள்ளது என்றது. இது நியாயமான பார்வை, ஆனால் முழுமையானதல்ல. கரையிலிருந்து ஆயிரம் கடல் மைலுக்கு அப்பால் எண்ணெய்க் கப்பலையும் ஏழை நாட்டுத் தோணிகளையும் பிடித்ததற்கு மீன்வளக் காவல் காரணமாக முடியாது. அதே வேளையில், புன்ட்லாந்து நிர்வாகம் 1999இல் ஹார்ட் என்னும் பிரிட்டிஷ் தனியார் நிறுவனத்தை அமர்த்திக் கடலோரக் காவல்படை அமைத்தது என்பதும், அந்தப் படைக்கான செலவு மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது என்பதும், அதில் பயிற்சி பெற்றவர்களில் சிலர் பின்னர் கொள்ளையர் படகுகளில் காணப்பட்டார்கள் என்பதும் காவலுக்கும் கொள்ளைக்கும் இடையே சுவர் எதுவும் இருந்ததில்லை என்பதைக் காட்டுகின்றன. உரிமம் விற்றவர், உரிமம் வாங்கிய கப்பலைக் காத்தவர், உரிமமில்லாத கப்பலைப் பிடித்தவர், எந்தக் கப்பல் கிடைத்தாலும் பிடித்தவர் ஆகிய நால்வரும் பல நேரங்களில் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள்.

உலகின் பதில் பெரும்பாலும் கடலிலேயே அமைந்தது. 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1816ஆம் தீர்மானத்தின் மூலம், இடைக்கால அரசின் ஒப்புதலோடு சோமாலிய ஆட்புலக் கடலுக்குள் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் நுழைய அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலாண்டா, நேட்டோவின் கடற்கேடயம், அமெரிக்கத் தலைமையிலான 151ஆம் கூட்டுப்படை, தனித்து இயங்கிய இந்திய, சீனக் கப்பல்கள் எனக் காவல் பெருகியது. பிடிபட்டவர்களை என்ன செய்வது என்பதில் மட்டும் யாரிடமும் தெளிவில்லை. கடற்கொள்ளையரை எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்று சர்வதேசச் சட்டம் சொன்னாலும், உள்நாட்டுச் சட்டம் இல்லாமல் தண்டிக்க முடியாது. ஆகவே ஆயுதங்களைக் கடலில் எறிந்துவிட்டு ஆட்களை விட்டுவிடுவதே பல கடற்படைகளின் வழக்கமாயிற்று. இந்தியா 2011இல் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பழியாக, அஸ்பால்ட் வெஞ்சர் கப்பலுக்குப் பிணைத்தொகை பெற்ற பிறகும் ஏழு இந்திய மாலுமிகளைக் கடத்தல்காரர்கள் விடாமல் வைத்துக்கொண்டனர். அவர்கள் வீடு திரும்ப 2014 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடற்கொள்ளைக்கென இந்தியா தனிச் சட்டம் இயற்றியது 2022 டிசம்பரில்தான்.

கப்பல் நிறுவனங்கள் முள்கம்பிச் சுற்று, நீர்பீய்ச்சி, உள்ளே பூட்டிக்கொள்ளும் காப்பறை ஆகியவற்றோடு துப்பாக்கி ஏந்திய தனியார் காவலரையும் அமர்த்தத் தொடங்கின; ஆயுதக் காவல் இருந்த கப்பல் எதுவும் அந்த ஆண்டுகளில் கடத்தப்படவில்லை. இந்த வெற்றிக்கு இன்னொரு முகம் உண்டு, அது தமிழகக் கரைக்கு மிக அருகில் தெரிந்தது. 2010இல் கப்பல் தொழில்துறை அதிக ஆபத்துள்ள பகுதி என்று குறித்த எல்லையைக் கிழக்கே 78 பாகை தீர்க்கரேகை வரை, அதாவது இந்திய மேற்குக் கரை முழுவதையும் உள்ளடக்கும்படி நகர்த்தியது. சோமாலியாவிலிருந்து ஏறத்தாழ 1,500 கடல் மைலுக்கு அப்பால் தலைமுறைகளாக மீன்பிடித்துவரும் கேரள, குமரி மாவட்ட மீனவர்களின் படகுகள் ஒரே நாளில் ஐயத்துக்குரியவையாயின. 2012 பிப்ரவரி 15 அன்று எண்ணெய்க் கப்பலான என்ரிகா லெக்ஸியின் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கேரளக் கரைக்கு அப்பால் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். வீரர்களை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் தொடங்கிய வழக்கு ஹேக் நகர நடுவர் மன்றம் வரை சென்று, பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 2013 அக்டோபரில் ஆயுதங்களோடு 35 பேரை ஏற்றிக்கொண்டு மிதந்த சீமேன் கார்டு ஓகையோ என்னும் காவல் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. கீழ் நீதிமன்றம் விதித்த ஐந்தாண்டுத் தண்டனையை 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீக்கி அவர்களை விடுவித்தது. கடற்கொள்ளைக்கு எதிரான தனியார் ஆயுதம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதற்கு விடை காண உலகம் அவசரப்படவில்லை. அதிக ஆபத்துள்ள பகுதியின் எல்லைக்கோடு பின்வாங்கியதே 2015 டிசம்பரில்தான்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் விநோதம் விளங்கும். பொருளியலாளர் டிமதி பெஸ்லியும் வேறு இருவரும் சேர்ந்து மொத்தச் சரக்குக் கப்பல்களின் வாடகை ஒப்பந்தங்களை ஆராய்ந்து, 2008இல் தாக்குதல் கூடியதால் அவ்வழியில் கப்பல் வாடகை 8 முதல் 12 சதவீதம் வரை உயர்ந்தது என்று கண்டனர். கொள்ளையருக்கு 12 கோடி டாலர் கிடைக்க, உலகம் 63 கோடி டாலருக்கும் மேல் இழந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. உலக வங்கி 2013இல் கூறிய தொகை இன்னும் பெரிது: ஆண்டுக்கு 1,800 கோடி டாலர். இரு மதிப்பீடுகளும் வெவ்வேறு பொருளை அளப்பவை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையல்ல. கொள்ளையின் வருவாயைவிட உலகின் இழப்பு பல மடங்கு என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

கரையைப் பற்றிய ஆய்வில் திருப்பத்தை உண்டாக்கியவர் பொருளியல் அறிஞர் அன்யா ஷார்ட்லேண்ட். நேர்காணலுக்குச் செல்ல இயலாத நிலப்பகுதியின் பொருளாதாரத்தை, இரவில் செயற்கைக்கோள் பதிவுசெய்த விளக்கொளி, உள்ளூர்க் கூலி, கால்நடை விலை ஆகியவற்றின் மூலம் அளந்து, 2012இல் அவர் வெளியிட்ட ஆய்வு பிணைத்தொகையின் பயன் கடற்கரைச் சிற்றூர்களில் தங்கவில்லை என்றும், புன்ட்லாந்தின் தலைநகர் கரோவே, துறைமுக நகர் பொசாசோ போன்ற இடங்களுக்கே சென்றது என்றும் காட்டியது. அப்படியானால் நகரத்து மேல்தட்டினருக்குக் கடற்கொள்ளையை ஒழிப்பதில் ஆர்வம் இருக்க வாய்ப்பில்லை. பின்னர் குற்றவியல் அறிஞர் ஃபெடரிகோ வரீசேயுடன் சேர்ந்து அவர் முன்வைத்த வாதம் இதைவிடக் கூர்மையானது. ஓர் ஊரின் குலத் தலைவர்கள் கடற்கொள்ளையரைக் காக்கிறார்களா விரட்டுகிறார்களா என்பது அவர்களின் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று. வரி வசூலிக்க வேறு வணிகம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சரக்குக் கப்பல் வந்துபோகும் துறைமுகமும் உள்நாட்டுக்குச் செல்லும் பாதையும் கையில் உள்ளவர்கள், கடத்தல் கப்பலைத் தங்கள் நீரில் நிற்க விடுவதில்லை, ஏனெனில் அது வணிகரை விரட்டும். பாதையிலிருந்து ஒதுங்கிய ஊர்களும், யார் கை ஓங்கும் என்று தெரியாமல் போட்டி நடக்கும் ஊர்களுமே கொள்ளையருக்கு இடம் கொடுத்தன.

இந்த வாதத்துக்குப் பிற்காலத்தில் கிடைத்த ஒரு நிகழ்வு ஏறக்குறைய பாடநூல் உதாரணம். 2017 மார்ச் 13 அன்று, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, ஜிபூட்டியிலிருந்து மொகடிஷு சென்ற ஏரிஸ் 13 என்ற சிறிய எண்ணெய்க் கப்பல் எட்டு இலங்கை மாலுமிகளோடு கடத்தப்பட்டு புன்ட்லாந்தின் வடமுனையருகே நிறுத்தப்பட்டது. கடத்தியவர்கள் தங்களை மீனவர்கள் என்றும், வெளிநாட்டுப் படகுகள் தங்கள் வாழ்வைக் கெடுத்ததாகவும் சொன்னார்கள். மூன்றே நாளில், ஒரு டாலர்கூட இல்லாமல், கப்பல் விடுவிக்கப்பட்டது. புன்ட்லாந்துக் கடற்காவல் படையின் நெருக்குதல் ஒரு காரணம். அந்தக் கப்பலை வாடகைக்கு அமர்த்தியவர்கள் சோமாலிய வணிகர்களே என்று தெரிந்ததும் மூப்பர்கள் தலையிட்டது இன்னொரு காரணம். எத்தனையோ வெளிநாட்டுக் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் நின்ற அதே கடற்கரையில், உள்ளூர் வணிகனின் சரக்குக்கு மூன்று நாளில் வழி பிறந்தது.

வடமேற்கே சோமாலிலாந்தின் அனுபவமும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. 1991 மேயில் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட அப்பகுதி, 1993இல் போரமா நகரில் குலமூப்பர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி எட்டிய உடன்பாட்டின் மேல் எழுந்தது, அதற்கு ஐ.நா. படையின் துணையோ பெரிய வெளிநாட்டு நிதியோ இருக்கவில்லை. ஏடன் வளைகுடாவை ஒட்டியே அதன் கரை இருந்தும், பெர்பெரா துறைமுகத்தின் கால்நடை ஏற்றுமதியில் வாழும் அதன் தலைவர்களுக்குக் கடற்கொள்ளை இழப்பையே தந்திருக்கும் என்பதால், அங்கு அது வேர்பிடிக்கவில்லை. ஆய்வாளர் கென் மென்கவுஸ் 2006இல் எழுதியதுபோல, அரசு இல்லாத இடத்திலும் ஆளுகை இருக்கும். வெளியிலிருந்து வரும் அமைதிக் கட்டுமானத் திட்டங்கள் தலைநகரில் ஓர் அரசை நிறுவுவதிலேயே முனைந்து, ஏற்கெனவே இருக்கும் அந்த ஆளுகையைக் கண்டுகொள்வதில்லை. சோமாலிலாந்தின் பாதையை அப்படியே எங்கும் படியெடுக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. மூப்பர்களின் பேரவையில் பெண்களுக்கும் சிறுகுலங்களுக்கும் இருந்த இடத்தைப் பார்த்தால் அந்த உற்சாகம் சற்றுக் குறையும்.

கடல் அமைதியின் அளவுகோல் எது என்பதில் ஆய்வுலகமும் கொள்கை வகுப்போரும் இன்னும் தடுமாறுகிறார்கள். கடத்தப்பட்ட கப்பல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 2013க்குப் பின் பிரச்சினை முடிந்துவிட்டது. ஆனால் காப்பீடு இல்லாத கப்பல்களின் மாலுமிகளுக்கு முடியவில்லை: 2012 மார்ச்சில் பிடிபட்ட நஹாம் 3 என்ற மீன்பிடிக் கப்பலின் 26 பேர், அதாவது கம்போடியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் முதலிய நாடுகளின் எளிய மீனவர்கள், விடுபட்டது 2016 அக்டோபரில். உரிமையாளர் கைவிட்ட அல்பெடோ கப்பல் 2013இல் நங்கூரத்தில் இருந்தபடியே மூழ்கியது. எஞ்சிய 11 பேர் அடுத்த ஆண்டு வெளியே வந்தனர். கால்டுங்கின் சொற்களில் கூறினால், கடலில் வாங்கப்பட்டது எதிர்மறை அமைதி. அதுவும் விலை கொடுக்க வல்லவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

அதன் ஆயுளும் குறைவாகவே இருந்தது. பாதுகாப்பு மன்றத்தின் அனுமதித் தீர்மானம் 2022 மார்ச்சில் காலாவதியானது; அதிக ஆபத்துள்ள பகுதி என்ற குறியீடு 2023 ஜனவரி முதல் நாளில் நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் செங்கடலில் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கி, போர்க்கப்பல்களின் கவனம் அங்கே திரும்பிய சில வாரங்களில், டிசம்பர் 14 அன்று ரூவன் என்ற சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை அதை மீட்டு, 17 மாலுமிகளை விடுவித்து, பிடிபட்ட 35 பேரைப் புதிய சட்டத்தின் கீழ் மும்பைக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. அதே மார்ச்சில் பிடிபட்ட வங்கதேசத்தின் அப்துல்லா கப்பலோ, 23 மாலுமிகளோடு புன்ட்லாந்துக் கரையோரம் ஒரு மாதம் நின்று, பிணைத்தொகை கொடுக்கப்பட்டு விடுபட்டதாகச் செய்திகள் கூறின. பத்தாண்டுக் காவலுக்குப் பிறகும் கப்பலை நிறுத்த இடமும், காவலுக்கு ஆளும், பேசுவதற்குப் பேச்சாளரும் சில நாளில் கிடைத்தார்கள் என்பதே இதில் முக்கியமான செய்தி.

சோமாலியா தன் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தை, அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான மீன்வள உரிமைப் பரப்பை, முறைப்படி அறிவித்தது 2014 ஜூனில்தான். உரிமக் கட்டணம் மைய அரசுக்கா, புன்ட்லாந்து போன்ற உறுப்பு மாநிலங்களுக்கா, கரையோர ஊர்களுக்கா என்ற பூசல் அதன் பிறகும் தீரவில்லை. அடலாண்டா போன்ற கடற்படை நடவடிக்கைகளை நீட்டிப்பதா முடிப்பதா என்று விவாதிக்கும் அறிக்கைகள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றோடு, எந்த ஊர் எந்த வருவாயில் வாழ்கிறது, எந்த நங்கூரத்துறையில் யார் வரி வாங்குகிறார்கள் என்று கூறும் ஒரு பட்டியலும் ஆண்டுதோறும் தயாரிக்கப்பட வேண்டும். விளக்கொளியையும் ஆட்டு விலையையும் கொண்டு ஒருவரால் தொடங்க முடிந்த அந்த வேலையை, கப்பல்களுக்குக் காவல் நிற்கும் அரசுகள் ஒரு போர்க்கப்பலின் சில நாள் எரிபொருள் செலவில் செய்துவிட முடியும்.